இணையத்தில் பெரட்டு கூப்பிட்டவர்

இணையத்துக்குள் நுழைவதற்கு முன் செருப்பைக் கழற்றி வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த ஒருவர் ஹட்டனில், நான் தங்கியிருந்த போர்டிங்கில், எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தார். பெரட்டு அண்ணன் என்றால் ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொட்டகலைக் கடைவீதி வரை எல்லாருக்கும் தெரியும். அவருடைய சொந்தப் பேர் என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பெரட்டு என்றால் என்னவென்று தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். விடிகாலையில் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி நிற்பார்கள். பேர் கூப்பிடுவார்கள். 'இருக்கேங்க' என்று சொன்னவருக்கு அன்றைக்கு வேலை. முழுநாள் செய்தால் முழுப்பேர், பாதி செய்தால் அரைப்பேர்.

அண்ணன் பார்த்தது ஒரு இரும்புக்கடையின் சீமெந்து ஸ்டோரில் வேலை. பெரட்டுக்கும் சீமெந்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் தினமும் காலையில் பல் துலக்கியதும் போர்டிங் நடையில் நின்று, அறை அறையாக எங்கள் பேரைக் கூப்பிடுவார். போர்வைக்குள்ளிருந்து யாராவது 'இருக்கேன்' என்று முனகினால்தான் அடுத்த பேருக்குப் போவார். கழிவறைக்குள் இருந்து ஆஜர் சொன்னவர்களும் உண்டு.

நான் போன புதிதில் ஒருநாள், கீழே குடியிருந்த வீட்டுக்கார மெனிக்கே அக்கா படியேறி வந்தார். சிங்களவர். சத்தத்துக்குச் சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று நாங்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டோம். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மகே நம கோ?" என்று கேட்டார். என் பேர் எங்கே என்று. மறுநாளிலிருந்து அவருடைய பேரும் சேர்ந்துகொண்டது. கீழேயிருந்து, இருக்கேன் என்பதற்கு, "இன்னவா" என்று குரல் வரும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போர்டிங் காலியாகிவிடும். நானும் அண்ணனும்தான் மிச்சம். எனக்கு வீடு வட்டவளைப் பக்கம்; பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன்தான். வீட்டுக்குப் போனால், "என்னாப்பா படிக்கிற?" என்று அப்பா கேட்பார். கம்ப்யூட்டர் சம்பந்தமா என்பேன். "நல்லாப் படி" என்பார். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். அண்ணனுக்கோ போவதற்கு வீடே இல்லை. அவர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலையில் மண் விரிசல் விட்டதால் ஆட்களை எழுப்பி, ஆளுக்கொரு பக்கமாக அனுப்பிவிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் பெரட்டு கூப்பிட்டவர் அவருடைய அப்பா. அப்பாவும் இப்போது இல்லை.

சனிக்கிழமைக் காலையிலும் அண்ணன் நடையில் நின்று பேர் கூப்பிடுவார். காலி அறையிலிருந்து பதில் வராது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "ஆள் இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போவார்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் ஐஆர்சி வந்தது. யாரோ பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கி, அதில் ஒரு இலவச மென்பொருளை ஏற்றியிருந்தேன். வைஃபை வேலை செய்யவில்லை. சந்தேகம் இருந்தால் எங்கள் ஐஆர்சி சேனலுக்கு வாருங்கள் என்று அதைச் செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். ஐஆர்சி என்பது இணையத்திலேயே மூத்த அரட்டை அறைகளில் ஒன்று. படம் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது, வெறும் எழுத்துத்தான். சேனல் என்பது ஒரு அறை. உள்ளே இருப்பவர்களின் பேர்கள் ஓரத்தில் வரிசையாக நிற்கும். நாமும் ஒரு பேரை வைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டியதுதான். பனிமூட்டம் இறங்கி, சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு வந்து, மற்றதெல்லாம் சுற்றிக்கொண்டே நிற்கும் நேரத்திலும் இது மட்டும் ஓடும்.

கைபேசியில் உள்ளே போனேன். நூற்றுக்கணக்கில் பேர்கள். என் ஆங்கிலத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி, 'மதிப்புக்குரிய ஐயாமாரே' என்று தொடங்கிக் கேள்வியைப் போட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேர் நிற்கும் கூட்டத்தில் என் ஒரு வரி மட்டும் தனியாக நின்றது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. மூடப் போனேன்.

அண்ணன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இவங்கெல்லாம் யாரு தம்பி?"

"உள்ள இருக்கறவங்க அண்ணே. ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க. நான் வேற எங்கயாச்சும் கேட்டுக்கறேன்."

"பேரு இருக்கில்ல?"

"பேரு இருக்கு."

"அப்ப ஆளும் இருக்கும். பேர மட்டும் அனுப்பிட்டு ஆளு வீட்லயா படுத்திருக்கும்? இரு. சோத்த வடிச்சிட்டு வரேன்."

சோறு வடித்து, பருப்புத் தாளித்து, இரண்டு பேரும் சாப்பிட்டுத் தட்டுக் கழுவி வந்தபோது, ஏதோ ஒரு நாட்டில் அப்போதுதான் தூங்கி எழும்பிய யாரோ ஒருவர் எனக்குப் பதில் போட்டிருந்தார். வைஃபையும் ஓடியது. ஐஆர்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தவறைத்தான் செய்வார்களாம்: கேட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுவது. அண்ணன் அந்தத் தவறைச் செய்யவே இல்லை. கிளம்பிப் போக அவருக்கு வேறு இடமும் இல்லை.

"எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு தம்பி" என்றார். செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, நான் ஏற்றிக் கொடுத்த தன் கைபேசியை இரண்டு கையாலும் வாங்கினார். என்ன பேர் வைக்க என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை.

உள்ளே போனதும், 'பெரட்டு, உங்கள் வரவு நல்வரவாகுக' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. படித்துச் சொன்னேன். அண்ணன் உருகிவிட்டார்.

"என்னா மரியாத பாத்தியா. எங்க தோட்டத்துல வேலை வாங்கற கண்டாக்கு ஒருநாள் நமக்கு வணக்கம் சொல்லியிருப்பாரா?"

"அது மெஷின் அண்ணே. யாரு வந்தாலும் சொல்லும்."

"இருக்கட்டுமே. யாரு வந்தாலும் சொல்லுன்னு அதுக்கு ஒருத்தரு சொல்லிக் குடுத்திருக்காருல்ல." பிறகு திரையை உற்றுப் பார்த்தார். "இந்தச் சில பேருங்களுக்கு முன்னால என்னா வளையம் போட்டிருக்கு?"

"அந்த @ குறியா? அவங்க பொறுப்பான ஆளுங்க. யாராச்சும் தொந்தரவு பண்ணினா வெளிய போட்டுருவாங்க."

"தொரைமாரா?"

"அப்படியும் வச்சிக்கலாம்."

"அத மொதல்லயே சொல்றதில்லையா? நான் படுத்துக்கிட்டுப் பேசறேன்." எழும்பி உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு அந்தச் சேனல் ஒரு தோட்டம். வளையம் போட்டவர்கள் தொரைமார். கூட்டல் குறி போட்டவர்கள் கண்டாக்குமார். ஒன்றும் போடாதவர்கள் நம்ம ஆட்கள். குளிக்கப் போவதென்றாலும், 'தொரை, குளிச்சிட்டு வரலாமா?' என்று தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுமதி கேட்பார். பதில் வராமல் எழும்பமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குளிக்காமலே உட்கார்ந்திருந்தார். கடைசியில் வாசனை தாங்காமல், நான் வேறொரு பேரில் உள்ளே போய், 'போய்ட்டு வா' என்று போட்டேன்.

இது சரிவராது என்று அவருக்கென்று ஒரு தமிழ்ச் சேனலைத் திறந்து கொடுத்தேன். ஐஆர்சியில் ஒரு சேனலுக்குள் முதலில் காலடி வைப்பவருக்குத் தானாகவே வளையம் வந்துவிடும். தன் பேருக்கு முன்னால் வளையத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

"எடு தம்பி இத. எங்க வம்சத்துலயே எவனும் தொரையா இருந்ததில்ல."

எடுத்துவிட்டால் ஒழுங்கு பார்க்க ஆளிருக்காது என்றேன். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வருகிற எல்லாருக்கும் வளையம் கொடுத்துவிடுவது. ஆளுக்கொரு தொரை. சேனலைப் பதிவு செய்து பூட்டி வைக்க ஒரு வழி உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். "வாசலுக்குப் பூட்டுப் போட்டா வர்றவங்க எப்புடி வருவாங்க?" என்று அதையும் வேண்டாம் என்றுவிட்டார்.

சீமெந்து ஏற்ற வந்த லொறிக்காரர்களிடமெல்லாம் சேனலின் பேரைச் சொல்லியனுப்பினார். ஆட்களும் வந்தார்கள். கொழும்பில் சாப்பாட்டுக்கடையில் நின்ற தலவாக்கலைப் பையன், கட்டாரில் கிரேன் ஓட்டிய ஒருவர், குவைத்தில் வீட்டுவேலை செய்த ஒரு அக்கா. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவருடைய முகமோ போன் நம்பரோ அண்ணனுக்குத் தெரியாது. பேர் தெரியும். தினமும் காலையில் நடையில் எங்களை முடித்துவிட்டு, சேனலில் பெரட்டு கூப்பிடுவார். உடனே 'இருக்கேன்' என்றவர்களுக்கு முழுப்பேர். தூங்கி வழிந்து வந்தவர்களுக்கு அரைப்பேர். கட்டார்க்காரர் அரைப்பேருக்காக ஒரு வாரம் வழக்காடினார். எல்லாரும் தொரைமார், எல்லாரும் பெரட்டுக்கு வந்து நின்றார்கள்.

ஒருநாள் சிறுத்தை என்ற பேரில் ஒருவன் வந்தான். அண்ணன் வழக்கம்போல வணக்கம் சொல்லி வளையத்தைக் கொடுத்தார். அவன் வளையத்தை வாங்கிய வேகத்தில் மற்ற எல்லாருடைய வளையத்தையும் பிடுங்கி, அண்ணனை வெளியே தள்ளி, அந்தப் பேரில் இனி வரமுடியாதபடி தடையும் போட்டான்.

"தம்பி, உள்ள விட மாட்டேங்குது" என்று கைபேசியை நீட்டினார்.

"வேற பேர்ல போங்க அண்ணே."

"என் வீட்டுக்குப் போக எவன் பேரயோ சொல்லிக்கிட்டுப் போறதா?"

"அப்ப வேற சேனல் தெறப்போம்."

"தேடி வர்றவங்க பழைய எடத்துக்குத்தான் வருவாங்க. ஒரு தடவ எங்க ஆளுங்க எல்லாம் கலஞ்சு போய்ட்டாங்க, தம்பி. இன்னொரு தடவ என்னால முடியாது."

மறுநாள் காலையில் நடையில் பெரட்டு இல்லை. மெனிக்கே அக்கா கீழேயிருந்து இரண்டு தடவை தானாகவே "இன்னவா" என்று சொல்லிப் பார்த்தார். அண்ணன் சாப்பிடாமல் வேலைக்குப் போனார்.

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. சேனலில் ஒருவரும் இல்லாவிட்டால் அது அழிந்துவிடும். அதற்குப் பிறகு முதலில் நுழைபவருக்குத்தான் வளையம். ஆகவே உள்ளே இருந்தவர்களிடம் தனித்தனியாகச் சொல்லி, எல்லாரையும் வெளியே எடுத்தேன். தனியாக உட்கார்ந்து சலித்து சிறுத்தையும் போவான். அந்த நிமிஷத்தில் பிடித்துவிடலாம். பின்னேரம் அண்ணன் வந்ததும் பெருமையாகச் சொன்னேன்.

"இப்ப உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"நானும் அவனும்தான். இதோ நானும் வெளிய வந்துர்றேன்."

"அப்ப அவன் மட்டும் தனியாவா?"

"ஆமா. அதானே திட்டம்."

அண்ணன் ஈரக்குடையை மூலையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். வெளியே மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது. "நீ வெளிய வராத தம்பி" என்றார்.

"என்னா அண்ணே, அவன்தானே ஒங்கள..."

"தனியா இருக்கறது எனக்குத் தெரியும். நான் அத ஒருத்தனுக்குக் குடுக்க மாட்டேன். நீ இரு. காலையில நான் சொல்றேன், நீ அடி."

மறுநாள் காலை அவர் சொன்னார், நான் அடித்தேன். 'சிறுத்தை?' பதில் இல்லை. "ஆள் இருக்கு, எங்கயும் போகாத" என்று அண்ணன் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அடுத்த நாளும் கூப்பிட்டோம். அதற்கடுத்த நாளும். எனக்கு அலுத்துவிட்டது; அவருக்கு அலுக்கவில்லை. ஒரு காலையில், நான் கைபேசியைக் கீழே வைக்கப் போகும்போது, 'இருக்கேன்' என்று ஒரு வரி வந்தது.

அண்ணன் என் கையிலிருந்து பிடுங்காத குறையாக எட்டிப் பார்த்தார். "என்னைய ஏன் வெளிய போட்டேன்னு அவன்கிட்ட கேளு."

கேட்டேன். அவன் மாலைதீவில் ஒரு ஹோட்டலில் உடுப்புத் துவைக்கும் வேலையில் இருந்தான். நுவரெலியாப் பக்கத்துப் பையன். 'சும்மாதான்' என்று போட்டான். கொஞ்சநேரம் கழித்து, 'யாராச்சும் திட்டுவாங்கன்னு பாத்தேன்' என்று போட்டான்.

"திட்டுறதுக்கு ஆளு வேணும்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, மடையன்" என்றார் அண்ணன். "அப்படியே அடி. மடையனையும் சேத்து அடி."

தடை நீங்கியது. அண்ணன் உள்ளே போனார். சிறுத்தை வளையத்தைத் திருப்பிக் கொடுத்தான். அண்ணன் முதல் வேலையாக, இத்தனை நாள் பெரட்டுக்கு வராததற்கு அவனுக்கு அரைப்பேர் போட்டார். இரண்டாவது வேலையாக வளையத்தை மறுபடியும் அவனுக்கே கொடுத்தார். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் பேரைக் கூப்பிட்டதும் சேர்த்து ஒரு வசவும் போடுவார். ஒருநாள் மறந்துவிட்டார் என்று அவன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இப்போது எனக்குக் கொழும்பில் வேலை. கண்ணாடிக் கட்டடத்தில் ஏழாம் மாடி. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும்; யாரும் யாருடைய பேரையும் சொல்லவேண்டியதில்லை. வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். விடியும்போது கைபேசியைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். கட்டார், குவைத், மாலைதீவு என்று பேர்கள் வரிசையாகப் போகும். பிறகு என் பேர் வரும்.

உடனே நான் பதில் போடுவதில்லை. அரைப்பேர்தான் கிடைக்கும், தெரியும். இருந்தாலும் அவர் இன்னொரு தடவை என்னைக் கூப்பிடட்டும் என்று பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.