விமானத்தில் ஏறாத பூவரசங்கட்டை

முகாம்: பெங்களூர், ஒரு லாட்ஜ்

அன்பு மகன் வேல்பாண்டிக்கு, மம்சாபுரத்தில் இருந்து வந்திருக்கும் உன் அப்பா இருளப்பசாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். அங்கே வீட்டில் நீயும் உன் அம்மாவும் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதை அறிய மிகவும் ஆவல். போனில் கேட்டிருப்பேன். ஆனால் முப்பத்திரண்டு வருடம் போலீஸ் உத்தியோகம் பார்த்தவனுக்கு எதுவும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பட்டாளத்தில் இருந்து லீவில் வந்த மகன், ரிட்டையர் ஆன தகப்பனை ஐந்து நாள் மரக்கடைசல் வகுப்புக்கு, அதுவும் பெங்களூருக்கு, ஏன் அனுப்புகிறான்? "வீட்டுக்கு வார பால்காரரைக்கூட உக்கார வச்சு விசாரிக்கீங்க, கைக்கு ஒரு வேலை வேணும்ப்பா" என்றாய். நம்பிவிட்டேன் என்று நினைத்தாயா? உன் தங்கை கல்பனா இரண்டு வருடமாக வந்த மாப்பிள்ளையை எல்லாம் தட்டிக் கழிக்கிறாள். அவள் வேலை பார்ப்பதும் இதே பெங்களூர்தான், ஆனால் நான் வருகிற வாரம் பார்த்து ஆபீஸ் வேலையாகச் சென்னை போய்விட்டாளாம். என்னை ஊரை விட்டுக் கிளப்பிவிட்டு, வத்திராயிருப்பில் உன் மாமன் சீனிச்சாமி காட்டுகிற பையனுக்கு அவளைப் பேசி முடிக்கப் பார்க்கிறீர்கள். பெற்ற மகள் கல்யாணம் என்னைக் கேட்காமலே முடிந்துவிடுமோ என்று நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் நீ போட்டுக் கொடுத்த விமான டிக்கெட்டை வைத்துவிட்டுக் காரில் கிளம்பினேன். விமானத்தில் ஏறினால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. கார் என்றால் திருமங்கலத்திலேயே வண்டியைத் திருப்பி உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். அப்புறம் கட்டை விஷயம். வகுப்புக்குக் காய்ந்த மரக்கட்டை இருந்தால் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். விமானத்தில் கட்டையையும் உளியையும் மடியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்களாம், அவர்களிடம் ஒப்படைக்க வேண்டுமாம். மதுரையில் என் கட்டையை வாங்கிக்கொண்டு பெங்களூரில் வேறு கட்டையைக் கொடுத்தால் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் எழுதுவது?

அந்தக் கட்டை கிடைத்ததும் லேசில் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு மரவாடிக்குப் போனேன். கடைக்காரர் ஒரு துண்டை எடுத்துக் காட்டி ஈட்டி மரம் என்றார். எந்தக் காடு, எவன் வெட்டினான், பெர்மிட் எங்கே என்று மூணு கேள்விதான் கேட்டேன். "அண்ணாச்சி, நீங்க கட்டை வாங்க வந்தியளா, ரெய்டு வந்தியளா?" என்று துண்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். கடைசியில் கான்சாபுரத்தில் நம் தோப்பு வரப்பில் போன வருடம் சாய்ந்த பூவரசுதான் கைகொடுத்தது. நம் சொந்த மரம்தான் என்று வி.ஏ.ஓ. கையெழுத்து, மரம் சாய்ந்து கிடக்கிற போட்டோ, பட்டா நகல், எல்லாவற்றையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று ஜெராக்ஸ் எடுத்து, கட்டையைத் துணியில் சுற்றி, தடயப் பொருளுக்கு வைப்பது மாதிரி அரக்கும் வைத்தேன். வழியில் ஒரு செக்போஸ்டில் நிறுத்திய பையன் என்னைப் பார்த்துவிட்டுப் போகத்தான் சொன்னான். நான் விடவில்லை, இறங்கிப் போய்க் காகிதங்களை எல்லாம் நீட்டினேன். அவன் முகம் மாறிவிட்டது. "பூவரசங்கட்டைக்கு யாராவது அரக்கு வைப்பாங்களா சார்? உள்ள என்ன இருக்கு?" என்று இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டான். கோபம் வந்தது. ஆனாலும் அந்த இடத்தில் நான் இருந்தால் அதையேதான் செய்திருப்பேன்.

ஒருவழியாக வகுப்புக்கு வந்து சேர்ந்தால், வாத்தியார் ஜோயல் என்று முப்பது வயசுப் பையன், சாத்தூர்ப் பக்கமாம். நான் வாயே திறக்கவில்லை, எனக்கு இடது கைப் பழக்கம் என்று தெரிந்து உளிகளை இடப்பக்கம் அடுக்கி வைத்திருக்கிறான். எனக்கு மட்டும் சீனி போடாத டீ வருகிறது. "முட்டி வலி இப்ப எப்படி இருக்கு சார்?" என்கிறான். என் முட்டியைப் பற்றி இவனுக்கு யார் சொன்னது? மூன்றாம் நாள், நான் ஊருக்குப் போறேன் தம்பி என்று பையை எடுத்தால், "இன்னும் ரெண்டே நாள் இருங்க சார்" என்று கெஞ்சுகிறான். என்னை மடக்கி வைக்க நீ ஏற்பாடு செய்த கையாள் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். கட்டை சுழலும்போது உளி துள்ளியது, பக்கத்தில் வந்து என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான், கிண்ணம் நன்றாகவே வந்தது. நல்ல பையன் மாதிரித்தான் தெரிகிறான். அதுதான் எனக்கு ரொம்பச் சந்தேகமாக இருக்கிறது.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் மாப்பிள்ளைப் பேச்சை நிறுத்து. உன் அம்மா முனீஸ்வரியிடம் எனக்கு எல்லாம் தெரியும் என்று மட்டும் சொல், என்ன தெரியும் என்று சொல்லாதே. உன் மாமன் சீனிச்சாமிக்கு என் விசாரிப்பு வேண்டாம். நீ நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும், அப்பாவை ஏமாற்றாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இருளப்பசாமி,
தலைமைக் காவலர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். தபாலுக்கு நேரமில்லை, ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதி, போட்டோ எடுத்துப் போனிலேயே அனுப்புகிறேன். உறையை ஒட்டிக்கொண்டு கடைசி நாள் வகுப்புக்குப் போனால், வாசலில் கல்பனா நிற்கிறாள், பக்கத்தில் ஜோயல். இரண்டு வருடமாக இவனுக்காகத்தான் மற்றவர்களைத் தட்டிக் கழித்தாளாம். நான் அவனோடு ஐந்து நாள் பழகிப் பார்க்கட்டும் என்று நீயும் உன் அம்மாவும் கூடிப் பேசிச் செய்த வேலையாம். வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன் என்று உன் மாமன் குதிப்பான், குதிக்கட்டும், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். "ஏட்டி, எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்லா?" என்றேன். "நான் சொல்ல நெனைச்சது அப்பாகிட்டப்பா. வீட்ல எப்பவும் போலீஸ் ஏட்டையாதான இருந்தாக" என்று அழுதுவிட்டாள். என் துண்டை எடுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். காரை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாத்தூரில் அவன் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வாராக, அதனால் எனக்கு நாளைக்கே ஒரு விமான டிக்கெட் போடு. ஜோயலைத் தனியாகக் கூப்பிட்டேன். விசாரணை ஆரம்பிக்கப்போகிறது என்று பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சாப்பிட்டீங்களா மாப்ளே?" என்று மட்டும் கேட்டேன்.