கோணல் வாய்க்காலும் குணவதி கல்யாணமும்

பீடோங்,
1943, ஆகஸ்ட் மாதம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி குழந்தைவேலு அவர்களுக்கு முருகையா கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், காளியம்மாவும், உங்கள் வீட்டுக்கு விளக்கேற்ற வரப்போகும் எங்கள் மகள் குணவதியும், டவுன் குளத்து மீன்களும் சுகம். மீன்களை ஏன் குடும்பத்தோடு சேர்த்தேன் என்பது போகப் போகத் தெரியும். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க முனியாண்டி சாமியை வேண்டுகிறேன். உங்களுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஜப்பான் அதிகாரிகளும் சுகமாக இருக்கட்டும்.

என்னைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிவிட்டார்கள் என்று ஜித்ரா பசாரில் யாரோ சொன்னதாகவும், பெண்ணின் தகப்பன் இல்லாமல் எப்படித் தாலி கட்டுவது என்று வீட்டில் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஏற்றவில்லை, சம்பந்தி. ஏற்றப் பார்த்தார்கள். எல்லாம் அந்த மீன்களால் வந்தது. எங்கள் டவுன் குளத்தில் இங்குள்ள அதிகாரி எங்கிருந்தோ மீன்குஞ்சு கொண்டுவந்து விட்டார். ஜனங்கள் அதை ஜப்பான் மீன் என்கிறார்கள். அவர் சாயங்காலமானால் கரையில் குந்திக்கொண்டு அதற்குத் தவிடு போடுவார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் கொஞ்ச மாட்டார்கள். அதே அதிகாரிதான் டவுனுக்கு மேலே இருக்கிற மேட்டில் மரம் செடி எல்லாம் வெட்டி மரவள்ளி நடச் சொன்னார். நட்டோம். அடுத்த மழைக்கு மேட்டு மண் முழுவதும் கரைந்து தெரு வழியாக ஓடிவந்து குளத்தில் விழுந்தது. தண்ணீர் வெற்றிலை எச்சில் நிறத்துக்கு வந்துவிட்டது. மீன்கள் மூச்சுக்குத் தவித்து வாயை மேலே தூக்கிக்கொண்டு நின்றன. சில செத்தும் போயின.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் அல்லவா, ரப்பர் மரத்தை வரிசை பிடித்து நட்ட அனுபவம் உண்டு என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் தெருச் சேற்றை அள்ளிக்கொண்டு வருவதால்தான் குளம் கெடுகிறது, மேட்டிலிருந்து குளம் வரைக்கும் ஒரே நேராக வாய்க்கால் வெட்டு என்றார். அவருக்குத் தெரிந்த மலாயில் 'லூருஸ், லூருஸ்' என்று கையை வாள் மாதிரி நீட்டிக் காட்டினார். இன்னொரு மழைக்கு மீன் செத்தால் நீ சயாமுக்குப் போ என்றார். எனக்கும் நேர்க்கோடு என்றால் உயிர். முளை அடித்து, கயிறு கட்டி, அழகாக ஆரம்பித்தேன்.

முதல் தடை அழகம்மா. கயிறு அவள் கீரைப் பாத்திக்கு நடுவே போயிற்று. அவள் பாத்திக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கிராணியாரே, கீரைமேல மண்வெட்டி பட்டுச்சுன்னா நான் நல்லவளா இருக்க மாட்டேன். அந்தாண்ட திருப்புலா. திருப்புற எடத்துல ஒரு குழியும் வெட்டிக் குடு, குடத்த முக்கிக்குவேன்."

திருப்பினேன். திருப்பியது நேரே நூர்தீன் காப்பிக்கடைக்குப் பின்னால் போய் முட்டியது.

"அண்ணே, இது சமையக்கட்டு. இங்க வாய்க்கா வந்துச்சுன்னா எம் பொண்டாட்டி சுலைஹா ஒங்கள ஒண்ணும் சொல்ல மாட்டா, என்னத்தான் உரிப்பா. அப்படி ஒடிச்சு விடுங்கண்ணே. மூலையில நமக்கும் ஒரு குழி, கிளாஸ் கழுவ."

ஒடித்தேன். அங்கே கோயில் வாசலில் பூசாரி பழனியாண்டி நின்றார். சாமி முகத்துக்கு எதிரே தண்ணீர் ஓடக்கூடாதாம், முதுகுப் பக்கம் சுற்றிப் போக வேண்டுமாம், கால் கழுவ அவருக்கும் ஒரு குழி வேண்டுமாம். கடைசியில் குளத்துக்குப் பக்கத்து லாலான் புல்காட்டுக்கு வந்தோம். இன்னும் கொஞ்சம் வெட்டினால் கரை. அந்த நேரம் பார்த்துக் காளியம்மா அவித்த மரவள்ளியைக் கொண்டுவந்தாள். தின்ற ஆட்கள் படுத்தார்கள், எவனும் எழுந்திருக்கவில்லை. வாய்க்கால் புல்லுக்குள் அப்படியே நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தேன். கள்ளுக்கடையிலிருந்து வீட்டுக்குப் போகிறவன் நடந்த தடம் மாதிரி இருந்தது. சம்பந்தி, எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. அவருக்கு முன்னால் மழை வந்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது. நான் கரையில் நின்று முனியாண்டியைக் கூப்பிட்டேன். மேட்டுத் தண்ணீர் செக்கச்செவேலென்று பாய்ந்து வந்து அழகம்மா மூலையில் முட்டியது, வேகம் குறைந்து குழியில் மண்ணைப் போட்டது. நூர்தீன் மூலையில் இன்னும் கொஞ்சம் போட்டது. சாமி முதுகைச் சுற்றும்போது நோஞ்சான் மாதிரி நடந்தது. அப்புறம் லாலானுக்குள் பரவி, புல் தடுத்து வடிகட்டி, அரிசி கழுவின தண்ணீர் அளவுக்குத் தெளிந்து மெதுவாகக் குளத்தில் இறங்கியது. மீன்கள் துள்ளின. நானும் துள்ளினேன், இந்த வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

அதிகாரி மேட்டிலிருந்து நடந்து வந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு அறை என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் குளத்தைப் பார்த்தார், குனிந்து முகம் கழுவினார், மீனுக்குத் தவிடு போட்டார். யார் போட்ட திட்டம் என்றார். "என் மூலையாலதான்" என்று அழகம்மா, நூர்தீன், பூசாரி மூன்று பேரும் ஒரே நேரத்தில் தமிழில் சொன்னார்கள். அவருக்குப் புரியாததால் நான்தான் என்று தலையாட்டினேன். கல்யாணத்துக்கு மீன் பிடித்துக்கொள்ளவும் உத்தரவு கொடுத்தார். இப்போது குழி மண்ணில் யாருக்கு எவ்வளவு உரம் என்று மூவரும் அடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் போடுகிற சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்கிறது.

ஆகவே குறித்த நாளில் கல்யாணம் இங்கேயே, குளக்கரையில், மீன் குழம்போடு. முகூர்த்தம் காலை ஆறு மணி. டோக்கியோ கணக்கில் ஓடும் கடிகாரம் அதை ஏழரை என்று காட்டும். கல்யாணத்தில் ஏழரை என்ற பேச்சே கூடாது என்று காளியம்மா சொல்வதால் கடிகாரத்தைத் துணி போட்டு மூடிவிடுகிறோம். நீங்கள் உறவுகளோடு முதல் நாளே வந்துவிடவும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், சம்பந்தியம்மாளுக்குக் காளியம்மாவின் வணக்கம், வீட்டுச் சின்னதுகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
முருகையா

பி.கு.: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகையில் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். "நீ வடக்கே போகிறாய்" என்றார். சயாமும் வடக்கேதானே. சாவகாசமாகச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்ட பிறகுதான் "ஜித்ரா" என்றார். அங்கேயும் ஒரு குளம் சேறாகிறதாம், இதே வாய்க்கால் வேண்டுமாம். ஆகையால் நீங்கள் கிளம்ப வேண்டாம். பெண்ணை அழைத்துக்கொண்டு நாங்களே வருகிறோம், கல்யாணம் உங்கள் வாசலில். மீனும் இல்லை, குளத்தைப் பார்க்க மேலதிகாரிகள் வருகிறார்கள், ஒன்றுகூடக் குறையக் கூடாதாம். வாய்க்காலுக்கு மண்வெட்டியும் ஆளும் அதிகாரிகளே தருவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நான் எதைச் சொன்னாலும் முடியாது என்று குறுக்கே வந்து நிற்கிற மாதிரி நல்ல மனிதர்களாக நாலு பேரை உங்கள் பக்கத்தில் பார்த்து வையுங்கள். என்னைத் தனியே விட்டால் எனக்கு நேராகத்தான் வெட்டத் தெரியும்.