செர்ரி வாசனையும் திருமுருகனின் நாக்கும்

ஒரு பொருள் பிடித்தவர்கள் இருக்கிறார்கள், பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு வகையாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. பிடிக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு, அதற்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பவர்கள். இவர்களுக்கு 'ரசிக்கக் கற்பவர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும், லிஃப்ட் வைத்த குடியிருப்புகளில், மாடிக்கு ஒருவராவது தேறுவார். சர்க்கரை போடாத கறுப்புக் காபியை முகம் கோணக் குடித்துவிட்டு, பழகப் பழகத்தான் அருமை தெரியும் என்பார். புரியாத கச்சேரியில் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளத்தைத் தவறாகப் போடுவார். ஐஸ் தண்ணீரில் குளித்துவிட்டுப் பல் தந்தியடிக்க வந்து நின்று அதன் நன்மைகளை எடுத்துரைப்பார். நாமெல்லாம் வாழைப்பழத்தை உரிக்கிறோம், தின்கிறோம், போகிறோம். இவரால் அது முடியாது. கஷ்டப்படாமல் கிடைக்கிற சுகத்தில் இவருக்கு நம்பிக்கை இல்லை.

காட்டுப்பாக்கத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் திருமுருகனைப் பாருங்கள். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். கல்லூரியில்கூட ஒரு சிகரெட் தொட்டதில்லை. நல்ல புளிக்குழம்பு, சுட்ட அப்பளம், அதற்கு மேல் வாழ்க்கையில் எதையும் கேட்காத மனிதராகத்தான் நாற்பத்து மூன்று வயது வரை இருந்தார். அவருடைய மேலதிகாரி கிருபாகரன் வெளிநாட்டுக்கு ஒரு புராஜெக்டுக்குப் போய்த் திரும்பும்போது, இவருக்கென்று புகைபிடிக்க மரத்தாலான ஒரு பைப்பும், வாசனைப் புகையிலை டப்பா இரண்டும் வாங்கிவந்து கொடுத்தார். இரண்டும் செர்ரியும் வெனிலாவும் கலந்த ரகம். மூடியைத் திறந்தால் கேக் கடை வாசலில் நிற்பது மாதிரி இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வாசனைக்கு யாராக இருந்தாலும் விழுந்துவிடுவார்கள்.

ஆனால் இந்த வகைப் புகையிலையில் ஒரு விசேஷம் உண்டு. வாசனை முழுவதும் வெளியே போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் செர்ரி, இழுப்பவருக்குச் சூடான காற்று. அதிலும் புதிதாகப் பழகுகிறவர் அது அணைந்துவிடுமோ என்று பயந்து பயந்து வேகமாக இழுப்பார். சர்க்கரைப் பாகில் ஊறிய இலை நீராவி விட்டு நாக்கை வேகவைக்கும். திருமுருகனின் நாக்கு இரண்டாம் நாளே வெந்தது. சாதாரண மனிதனாக இருந்தால் பைப்பைத் தூக்கி ஷோகேஸில் வைத்திருப்பான். திருமுருகனுக்கோ அப்போதுதான் இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்ற நம்பிக்கை பிறந்தது.

அதற்குப் பிறகு சடங்குகள் வந்தன. மாலையில் பால்கனியில் நாற்காலி போட்டு, வீட்டுப் பக்கக் கதவு சாத்தப்படும், அங்கிருக்கும் மின்விசிறி நிறுத்தப்படும். புகையிலையை மூன்று தடவையாக நிரப்ப வேண்டும். முதலில் தளர்வாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, கடைசியில் இன்னும் கொஞ்சம் அழுத்தி. தீக்குச்சிதான் உத்தமம், லைட்டர் கூடாது. முதல் தீ கணக்கில் சேராது, இரண்டாவது தீதான் தீ. இதையெல்லாம் விளக்குவதற்கு ஆள் வேண்டுமே? மனைவி நிஷா இருந்தாள். அவள் பூந்தமல்லியில் பள்ளிக்கூட டீச்சர். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துவிட்டு வந்தவளுக்கு இங்கே மறுபடி ஒரு செய்முறை வகுப்பு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்பாள்.

"நல்லா இருக்கா?"

திருமுருகன் இந்தக் கேள்விக்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. முதலில் செர்ரி வரும், அப்புறம் வெனிலா எட்டிப் பார்க்கும், அடியில் பழைய மரப்பெட்டியின் சாயல் ஒன்று இருக்கிறது, அது எல்லோருக்கும் பிடிபடாது என்று நீளமாகப் போவார். பொய் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. டப்பாவின் மேல் அப்படித்தான் போட்டிருந்தது. இரவுச் சாப்பாட்டில் ரசம் பட்டால் உயிர் போயிற்று. காரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் வெறும் தயிர்சாதத்தில் வந்து நின்றது. மதுரைக்குத் தெற்கே பிறந்த ஒருவன் புளிக்குழம்பை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு தயிர்சாதத்தை முழுங்குவதைப் பார்த்தால் கல்மனமும் கரையும்.

இந்த நிலையில் கிருபாகரன் மறுபடி வெளிநாடு கிளம்பினார். ஒரு வருடத்துக்கு ஆகிற மாதிரி வாங்கி வரட்டுமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று செய்தி அனுப்பினார். வேண்டும் என்றால் ஒரு வருடத்துக்கு நாக்கு போயிற்று. வேண்டாம் என்றால், இத்தனை மாதமாக மதிய இடைவேளைகளில் மரப்பெட்டியின் சாயலைப் பற்றி மேலதிகாரியோடு பேசிய பேச்செல்லாம் என்ன ஆவது? திருமுருகன் பதிலை அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தார். நிஷாவுக்கு விஷயம் தெரிந்ததும் கோபப்படக்கூட இல்லை. "பிடிச்சிருந்தா வாங்கிட்டு வரச் சொல்லுங்க. பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்றதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை?" என்றாள். யோசனை எதற்கென்று இந்த இனத்தில் பிறக்காதவர்களுக்குப் புரியாது.

வெள்ளிக்கிழமை மாலை வந்தது. கூடவே கெங்கம்மாளும் வந்தாள். குடியிருப்பை ஒட்டினாற்போல் இருக்கும் மாடிவீடு அவளுடையது. அந்தக் காலத்தில் இங்கே கழனியில் கூலிக்குப் போன குடும்பம். இப்போது மகன் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறான், கீழ்ப்போர்ஷனில் வாடகைக்கு ஆள் இருக்கிறது. அவள் கையில் தூபக்கால், அதில் கணகணவென்று நெருப்பு. விஷயம் இதுதான். திருமுருகனின் பால்கனியிலிருந்து மாலைதோறும் இறங்கிய வாசனையை வைத்து, அந்த வீட்டில் ஏதோ உசத்தியான சாம்பிராணி போடுகிறார்கள் என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. கெங்கம்மாள் பூந்தமல்லிக் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி, செர்ரிப்பழ வாசனை சாம்பிராணி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றதும் ஒரு பிடி இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்துவிட்டாள். அவர்தான் வாங்குகிறார், அவரையே கேளுங்கள் என்று நிஷா பால்கனிக்கு அழைத்துப்போனாள்.

அங்கே திருமுருகன் வாயில் பைப்போடு உட்கார்ந்திருந்தார். கெங்கம்மாள் பைப்பைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். மறைக்க இடமில்லாததால் அவர் உண்மையைச் சொன்னார்.

"பொகலையா இது?" என்றாள் கெங்கம்மாள். அதிர்ச்சியாகவெல்லாம் இல்லை. "எங்க நைனா சுருட்டு பத்தவெச்சா தெருவுல நாய்கூட நிக்காது. இது இன்னா இப்டி மணக்குது? ஏன் தம்பி, வெளிய இப்டி கீதே, உள்ள எப்டி கீது?"

அறிந்துகொள்ள ஆசைப்படும் ஒரு உயிர். திருமுருகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடி ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தார். முதலில் செர்ரி, என்று தொடங்கினார். அதை அவசரப்படுத்தக் கூடாது, அதுவாக வர வேண்டும். இதோ, இப்போது பின்னாலேயே வெனிலா வருகிறது. ரசிக்கத் தெரிந்த நாக்குக்கு மட்டும் அடியில் அந்த மரப்பெட்டி. அவர் குரலில் ஒரு நெகிழ்ச்சியே வந்துவிட்டது.

"ஏங்க, அது அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு" என்றாள் நிஷா.

அவர் பைப்பைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. இரண்டு பெண்களும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அணைந்த பைப்பில்தான் சுவை கூடும் என்றுகூட ஒரு கொள்கை அவருக்குத் தோன்றியது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு வார்த்தைதான் வந்தது.

"எரியுது" என்றார். "நாக்கு எரியுது. ஒண்ணும் தெரியல."

இத்தனை மாதத்தில் அந்தப் பைப்பைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது. சொல்லிவிட்டு அழுதுவிடுவார் போல் இருந்தார். நிஷாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. கெங்கம்மாளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, நெருப்பு நீறுபூத்துக்கொண்டிருந்தது. "சாமிக்கு வோணாம், ஊட்டுக்குப் போட்லாம், கொசுவாச்சும் போவும்" என்று தானே தீர்மானித்து, டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூபக்காலில் தூவினாள். புகை மெல்ல எழுந்தது. திருமுருகன் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் புகைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். செர்ரி வந்தது. உண்மையிலேயே வந்தது.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள் நிஷா.

"நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கே கிருபாகரனுக்கு, வேண்டாம் சார், எனக்குப் பிடிக்கவில்லை என்று பதில் போனது. ராத்திரி, நாக்கு எரிந்தாலும் பரவாயில்லை என்று புளிக்குழம்பைத் தட்டில் ஊற்றச் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கிருபாகரனின் மறுமொழி வந்தது. எடுத்ததும் பிடித்துவிடாது, இரண்டு மூன்று வருடமாவது பழக வேண்டும், நாக்கு அதற்குத் தயாராக வேண்டும் என்று, விரலால் தள்ளத் தள்ள முடியாத நீளத்துக்கு இருந்தது. அதைப் படித்துவிட்டு, அந்த மனிதருக்கும் நாக்கு வெந்துதான் கிடக்கிறது என்று நிஷா சொன்னாள்.

சிரியுங்கள், சிரிப்புக்குத் தடையில்லை. ஆனால் போன வாரம், நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிவந்த ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, உங்கள் வீட்டிலும் ஒருவர் பக்கத்தில் வந்து நல்லா இருக்கா என்று கேட்டாரே, என்ன சொன்னீர்கள்? இருக்கு என்றீர்களா, இல்லை என்றீர்களா? 'அதையெல்லாம் அப்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது, அதில் என்ன விஷயம் என்றால்' என்று இப்போது தொடங்குகிறீர்கள் பாருங்கள், கொஞ்சம் நிறுத்துங்கள். நாக்கை நீட்டுங்கள், பார்ப்போம்.