பச்சை கேட் வீட்டுக் குரைப்பு

பச்சை கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டுப் பயில்வான் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பார்சல். வானம் காலையிலிருந்தே பிழியாத துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தூறுவதா, விடுவதா என்று அதற்கே முடிவாகவில்லை.

கூரியர் கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர்தான் பயில்வான். வாஷிங் மெஷினை ஒற்றை ஆளாகத் தூக்கி மாடி ஏறுகிறவர். ஆனால் எங்காவது ஒரு நாய் குரைத்துவிட்டால் போதும், அந்தப் பெரிய உடம்பில் திருகாணி எல்லாம் கழன்றுவிடும். இது அவர் வீட்டுக்காரிக்குத் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றோடு மானம் போச்சு.

இறங்கினார். காலிங் பெல்லை விரல் நுனியால் தொட்டார்.

"வள்! வள்! உர்ர்ர்... வள்!"

கேட் முழுக்கத் தகரம். உள்ளே இருப்பது எலிக்குட்டி அளவா, எருமை அளவா என்று பார்க்க வழியில்லை. அதனால் அது அவர் மனசுக்குள் இஷ்டத்துக்கு வளர்ந்தது. நெஞ்சு தடதடத்தது. மூச்சு பாதியில் சிக்கிக்கொண்டது. வண்டிக்குள் எப்படித் திரும்பி வந்தார் என்பது அவருக்கே ஞாபகமில்லை. போனில் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று அழுத்திவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"பச்சை கேட் வீட்டம்மா புகார் குடுத்திருக்காங்க. வீடு பூட்டியிருந்துச்சா?"

"ஆமா சார். பூட்டு இவ்ளோ பெரிசு."

"அந்தம்மா வெளியவே போகலையாம்."

"அப்ப உள்பக்கமா பூட்டியிருந்திருக்கும் சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பார்சலைத் திரும்பக் கையில் கொடுத்தார்.

இந்தத் தடவை பயில்வான் பெல்லைத் தொடவில்லை. சுவர் ஓரமாகப் பூனை மாதிரி நடந்துபோய், பார்சலைத் தலைக்கு மேலே தூக்கி உள்ளே போட்டார். சிலீரென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து குரைப்பு, முன்னைவிட உரக்க. ஒரு நாய் போதாதென்று இன்னொன்றையும் வாங்கிவிட்டார்களோ?

"கண்ணாடி விளக்குய்யா அது!" என்றார் மேனேஜர். "பறந்து வந்து விழுந்துச்சாம். என்ன நினைச்சுக்கிட்டிருக்கே?"

"சார், எனக்கு வேற ஏரியா குடுத்துடுங்களேன்."

"குடுக்கலாம். ஆனா அந்தத் தெருவுக்கு ஒருத்தனும் போக மாட்டேங்கறான். நாய்க்குப் பயமாம், வெட்கங்கெட்ட பசங்க. அதனாலதான் உன்னைப் போட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு புகார் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, பார்த்துக்க."

வீட்டில் சோறு இறங்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரியின் தம்பி, வந்த இடத்தில் சோற்றைக் கொட்டிக்கொண்டிருந்தவன், விஷயத்தை அக்காவிடமிருந்து கறந்துவிட்டான்.

"இதுக்குப் போயா மாமா! நாய்னா வயிறுதான். ரெண்டு பிஸ்கட்டைக் காட்டுங்க, காலை நக்கும்."

காலை நக்கும் என்பதே பயில்வானுக்குக் குமட்டியது. ஆனாலும் வேலை முக்கியம். மறுநாள் இரண்டு பாக்கெட் நிறைய பிஸ்கட்டோடு போனார். பச்சை கேட் வரைக்கும் போய்ச் சேரவில்லை. தெருமுனையில் வண்டியை விட்டு இறங்கியதுமே, அங்கே சுருண்டு கிடந்த சொறிநாய் ஒன்று மூக்கைத் தூக்கியது. அதைப் பார்த்து இன்னொன்று. வண்டிக்கு அடியிலிருந்து இன்னொன்று. எல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு, வெகு மரியாதையாக, அவர் பின்னாலேயே நடந்து வந்தன. வாழ்நாளில் அவருக்கு இத்தனை பேர் சேர்ந்து அன்பு காட்டியது அன்றுதான். மருந்துக் கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கண் இருட்டியது. 'சரி, அவ்வளவுதான்' என்று நினைத்தார். 'கடைசிவரை நாய்க்குப் பயந்தே செத்தான்னு சொல்லுவாங்க.'

ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்காரி அழுதுகொண்டே ஓடிவந்தாள். டாக்டரம்மா எல்லாச் சோதனையும் முடித்துவிட்டு வந்தார்.

"இதயம் கல்லு மாதிரி இருக்கு. இது பதற்றத்தால வர்றது."

வீட்டுக்காரியின் அழுகை பட்டென்று நின்றது. "அப்ப நடிச்சாரா டாக்டர்?"

"இல்லம்மா. நிஜமாவே சாகப்போறோம்னுதான் அவருக்கு இருந்திருக்கும். ஆபத்து இல்லாத இடத்துல உடம்பு அலாரம் அடிச்சிடுது. அலாரம் பொய்யா அடிச்சாலும், காது வலிக்கறது நிஜம்தானே?"

பயில்வான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நடிப்பில்லை என்று இதுவரை ஒருத்தரும் அவருக்காகச் சொன்னதில்லை. அகலமான அந்தத் தோள் குலுங்கியது. வீட்டுக்காரி மெல்ல அதன்மேல் கை வைத்தாள்.

"நாய் எப்பவாவது கடிச்சிருக்கா?" என்றார் டாக்டரம்மா.

"கடிக்கற அளவுக்குக் கிட்ட விட்டதில்லீங்க."

"ஓடறீங்க பாருங்க, அந்த நிமிஷம் நிம்மதிதான். ஆனா அடுத்த தடவை பயம் இன்னும் கொழுத்து வரும். அது ஏறும், உச்சிக்குப் போகும், தானா இறங்கும். இறங்கறவரைக்கும் நின்னு பாருங்க. மூச்சை மெதுவா வெளிய விடுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ண வேண்டாம். சின்னதா ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா."

இதை, அக்காவோடு வந்திருந்த மச்சான்காரனும் கேட்டுக்கொண்டிருந்ததுதான் கெடுதல்.

மறுநாள் அவன் சட்டைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தான். "டாக்டர் சின்னதா ஆரம்பிக்கச் சொன்னாங்கள்ல? அதான் மாமா, இருக்கறதுலயே சின்னதா பார்த்து எடுத்தாந்தேன்."

கண்கூடச் சரியாகத் திறக்காத குட்டி. தரையில் விட்டதும் அது குளிருக்கு நடுங்கியது. பயில்வான் அதைவிட அதிகமாக நடுங்கினார். சாயங்காலம் மச்சான்காரன் அதைத் திரும்ப எடுத்துப் போகிறவரை அவர் பீரோ மேலிருந்து இறங்கவில்லை. பீரோவின் கால் ஒன்று வளைந்துவிட்டது. வீட்டுக்காரி அதற்குக் கீழே பழைய துணியை மடித்து முட்டுக் கொடுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அடுத்த நாள் பச்சை கேட்டுக்கு மருந்துப் பார்சல் வந்தது. ஆளிடம் நேரில் கொடுத்து, அவர் சொல்லும் எண்ணை வாங்கிப் போனில் போட வேண்டும். தூக்கி எறியவும் முடியாது, பூட்டியிருந்தது என்று சொல்லவும் முடியாது.

"கடைசி தடவை" என்றார் மேனேஜர், முகத்தைப் பார்க்காமலே.

தூறிக்கொண்டிருந்தது. பயில்வான் பெல்லை அழுத்தினார்.

குரைப்பு வெடித்துக்கொண்டு கிளம்பியது. தெருவே அதிர்ந்தது. கால்கள் வண்டிப் பக்கம் தாமாகவே திரும்பின. அவர் கேட் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மூச்சை மெல்ல வெளியே விட்டார். இன்னொரு தடவை. செத்துவிடுவோம் என்று தோன்றியது. சாகவில்லை. மறுபடியும் தோன்றியது. அப்போதும் சாகவில்லை. உள்ளே அது விடாமல் குரைத்தது. இவரும் விடாமல் நின்றார். எவ்வளவு நேரமோ, நெஞ்சின் தடதடப்பு ஒரு படி இறங்கியது. அப்புறம் இன்னொரு படி.

வாயைத் திறந்தார். குரல் யாருடையதோ மாதிரி வந்தது.

"அம்மா... மருந்து கொண்டாந்திருக்கேன். அன்னிக்கு விளக்கை உடைச்சவன் நான்தான். தயவுசெஞ்சு நாயைக் கட்டுங்க. எனக்கு... எனக்கு நாய்னா ரொம்பப் பயம்மா."

பாதிக் குரைப்பிலேயே சத்தம் சட்டென்று அறுந்தது. தெரு மொத்தமும் அமைதியானது. கேட்டுக்கு மேலே தெரிந்த ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், அவருடையதைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு சொன்னது:

"நாயே கிடையாதுங்க, அது செல்போன்ல போடற சத்தம்... வாசல்ல ஆள் வந்து நின்னாலே எனக்கு உயிர் போற மாதிரி ஆயிடும், அதான் நீங்க வர வர சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போனேன்."