என் மறுப்பு உங்களை வந்து சேராத விவரம்

அன்புள்ள மூத்தவனுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம், ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அங்கு நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில், இந்த வீட்டை விற்றுவிட்டு என்னை உங்கள் மூவர் வீட்டிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதென்று முடிவானதல்லவா, அதைப் பற்றித்தான். "சம்மதம்தானேப்பா?" என்று நீ கேட்டபோது நான் இல்லை என்று தலையசைத்தேன், கழுத்து சுளுக்கும்வரை அசைத்தேன். திரையின் மூலையில் என் முகம் எனக்குப் பளிச்சென்று தெரிந்ததால் உங்களுக்கும் அப்படியே தெரிகிறதென்று நம்பிவிட்டேன். உன் தங்கையோ, "அப்பா ஆடாம அசையாம உக்காந்திருக்காரு, அவருக்குச் சரிதாண்ணா, மேல பேசு" என்றாள். மறுநாள் 'குடும்பமே ஒண்ணா!' என்று அவள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நீங்கள் மூவரும் ஸ்டூடியோவில் எடுத்ததுபோல் இருக்கிறீர்கள். நான் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் ஏழெட்டுக் கட்டங்கள். மூக்கு எதுவென்று எனக்கே தெரியவில்லை.

விஷயத்தைச் சொல்லாமல், படம் ஏன் அப்படி என்று மட்டும் உன்னிடம் போனில் கேட்டேன். "லைன் மோசமானா படத்தோட தரத்தைத் தானா குறைச்சுக்கும்ப்பா, குரலை மட்டும் விடாது. அந்த புரோகிராம் எழுதினதே எங்க ஆபீஸ்ல நாங்கதான்" என்று பெருமையாகச் சொன்னாய். லைன் மோசமானதற்குக் காரணம் மாடியில் குடியிருப்பவர். என் வைஃபையில்தான் கால்பந்து பார்க்கிறார். பாஸ்வேர்ட் கேட்டார், கொடுத்துவிட்டேன். அடுத்த அழைப்பின்போதாவது நிறுத்தி வைக்கச் சொல்லலாமென்று நேற்று படியேறினேன். "வாங்க சார், சரியான நேரத்துக்கு வந்தீங்க, உக்காருங்க" என்றார். உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். அவர் திரையில் பந்தின் தையல்கூடத் தெரிகிறது.

லைனில் இடம் போதாதபோது யார் முகத்தைக் கட்டம் கட்டமாக்குவது என்று யாரோ ஒருவர் தீர்மானித்துத்தானே இருக்க வேண்டும்? அது நீயாக இருக்குமோ என்று தோன்றுகிறது. நான் தவறாகவும் நினைத்திருக்கலாம். குரலைக் காப்பாற்றுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எனக்குக் குரல் கொடுத்துப் பழக்கமில்லை. "அவருக்கு வேண்டாமாம்" என்று எடுத்துச் சொல்ல உன் அம்மா இருந்தாள். இதெல்லாம் புரோகிராமுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஆகவே எழுத்தில் தருகிறேன்: வீட்டை விற்க எனக்குச் சம்மதமில்லை. நான் இங்கேயே இருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் குறைவின்றி நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது நீயே அழைத்தாய். இன்று ஆட்டம் இல்லை. உன் காதோர நரைகூடத் தெரிந்தது. "இப்ப நல்லாத் தெரியறீங்கப்பா. வீடு வாங்கறவங்ககிட்ட சரின்னு சொல்லிடட்டுமா?" என்றாய். ஆமாம் என்று தலையசைத்தேன். அது உடனே வந்து சேர்ந்துவிட்டது. மேலே எழுதியதைப் பொருட்படுத்தாதே. தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் அனுப்புகிறேன்.