டப்பா ஒழிப்புப் போராட்டம்

அன்று காலை லிஃப்ட் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். உயிரே போனாலும் சரி, இனிமேல் சுரைக்காயைச் சுமப்பதில்லை.

மாதக்கணக்காக அவருடைய சாப்பாட்டு டப்பாவில் வேகவைத்த சுரைக்காய்தான் வந்துகொண்டிருந்தது. இடுப்பு பெருத்துவிட்டதாம். மனைவியின் தீர்ப்பு. அப்பீல் கிடையாது. அவர் வேலை பார்க்கும் உயரமான அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலோ ஒரு கேண்டீன். மத்தியானமானால் கோழி பொரியும் வாசனை, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல், மாடி மாடியாக ஏறி வரும். உச்சியில் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து சுரைக்காய் மெல்லும் மனிதன் எத்தனை நாள்தான் பொறுப்பான்?

ஆனால் நேராகச் சொல்ல முடியாது. மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். "தினம் ரெண்டு வேளை தேய்க்கிறேங்க" என்று கூசாமல் புளுகும் வாய்களை நாள் முழுக்கப் பார்ப்பவள். யாராவது வாயைத் திறக்கும்போதே பொய் எது, சொத்தை எது என்று பிரித்துவிடுவாள். ஆகவே மெக்கானிக் சுரைக்காயை விட்டுவிட்டு டப்பாவைப் பிடித்தார்.

"ஏம்மா, இந்த டப்பா பிளாஸ்டிக்தானே?"

"ஆமாங்க. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா! சுடச்சுடச் சாப்பாட்டைப் பிளாஸ்டிக்ல போட்டா அதுல இருக்கிற கெமிக்கல் எல்லாம் சாப்பாட்டுல இறங்கிடுமாம். ஹார்மோனே தடம் மாறிடுமாம். ஊரே பேசுது, நீ எந்த உலகத்துல இருக்கே?"

சண்டை வரும் என்று இடுப்பில் கைவைத்து நின்றார். வரவில்லை.

"அட கடவுளே! இத்தனை நாள் வாயைத் திறக்காம இருந்தீங்களே!" என்று கன்னத்தில் கைவைத்தாள் மனைவி.

மறுநாள் எவர்சில்வர் கேரியர் வந்தது. நாலு அடுக்கு. நாலிலும் சுரைக்காய். அதைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறியதும், அவர் கையால் பழுது பார்த்த லிஃப்டே அவரைப் பார்த்து 'ஓவர்லோடு' என்று அலறியது.

சாயங்காலம் மறுபடி ஆரம்பித்தார்.

"கேரியர் மூடியில ரப்பர் வளையம் இருக்கே, கவனிச்சியா?"

"அது இருந்தாத்தானே ஒழுகாது?"

"ரப்பர்லயும் கெமிக்கல் உண்டு!"

"ரப்பரும் ஆகாதா?"

"ஆகவே ஆகாது."

"வளையத்தைக் கழட்டிட்டா?"

"ஒழுகும். பை வீணாப்போகும்."

மனைவி கேரியரை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்தாள். "அப்போ ஒண்ணு பண்ணுங்க. கேண்டீன்லயே சாப்பிட்டுடுங்க. அங்கே தட்டு எவர்சில்வர்தானே?"

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள மெக்கானிக் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். "என்ன பண்றது! உடம்புன்னு வந்துட்டா எதையும் சகிச்சுக்க வேண்டியதுதான்."

சகித்தார். பொரித்த கோழியைச் சகித்தார். வறுத்த உருளைக்கிழங்கைச் சகித்தார். இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சகித்தார்.

ஒரே ஒரு சிக்கல். மனைவி திடீரென்று குறுக்கு விசாரணை வைத்தால் பதில் வேண்டுமே என்று, பிளாஸ்டிக்கைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படிக்க ஆரம்பித்தார். மனைவியைப் பயமுறுத்துவதற்காகத் திரட்டிய பயம் மெல்ல அவரையே பிடித்துக்கொண்டது. காகிதக் கோப்பையில் தேநீர் குடிக்குமுன் உள்ளே எட்டிப் பார்த்தார். பளபளப்பாக ஏதோ பூச்சு! கீழே வைத்துவிட்டார். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்காமலே பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார். தண்ணீர் பாட்டில் வெயிலில் நின்றால், அவர் நிழலில் நின்று அதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

இந்த நிலைமையில்தான் கேண்டீனின் சரக்கு லிஃப்ட் பாதியில் நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பெரிய பெரிய பிளாஸ்டிக் பைகள். கழுத்தில் முடிச்சு. வயிற்றில் குழம்பு. தொட்டால் விரல் சுட்டது.

"என்னய்யா இது?" என்றார், பக்கத்தில் நின்ற கேண்டீன்காரரிடம்.

"மத்தியானக் குழம்பு சார். வெளியில சமைச்சு, கொதிக்கக் கொதிக்கக் கட்டி அனுப்பிடுவாங்க."

"பிளாஸ்டிக் பையிலயா?"

"பின்ன, சட்டைப் பையிலயா சார் அனுப்புவாங்க?"

மெக்கானிக் தொட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பையைப் பார்த்தார். பயம் வந்தது. பயம் வந்ததும் வயிறு பிசைந்தது. பிசைந்த வயிறு கடமுட என்று ஏதோ சொன்னது. ஹார்மோன்தான் தடம் மாறுகிறது, வேறென்ன! படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கடைசியில் மனைவி நினைவுக்கு வந்தாள். தனியாக அவள் என்ன செய்வாள்? குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவாள்? கண் கலங்கிவிட்டது. நேராக டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் வயிற்றை அங்கங்கே அமுக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"மறைக்காம சொல்லிடுங்க டாக்டர். தாங்கிக்குவேன். நான் சீரியஸ் கேஸா?"

"கேஸ்தான். சீரியஸ் இல்ல. வெறும் கேஸ்."

"அப்போ பிளாஸ்டிக்?"

"மத்தியானம் என்ன சாப்பிடறீங்க?"

சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார். "சூடான பண்டத்தைப் பிளாஸ்டிக்ல போடாம இருக்கிறது நல்லதுதான். ஆனா கொஞ்ச நாள் சாப்பிட்டதுக்கு உயில் எழுத வேண்டாம். உங்க வயித்தைப் படுத்தறது அந்தப் பொரிச்ச கோழி. வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்க, சரியாப் போயிடும்."

வெளியே வந்த மெக்கானிக்குக் காற்றே புதிதாக வீசுவதுபோல் இருந்தது. எதிரே வந்த முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் குழம்பிப்போய்ச் சிரித்தார். உயிர் இருக்கிறது! சுரைக்காய் என்ன, அதன் கொடியையே தின்னலாம்!

வீட்டுக்குப் போனதும், "கேண்டீன் வேண்டாம்மா. பழையபடி கேரியர்லயே குடு" என்றார்.

"ரப்பர் வளையம்?"

"அது... இருந்துட்டுப் போகட்டும்."

"நல்லா இருக்கே! உங்களுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கே போவேன்? அடைச்சு எடுத்துட்டுப் போனாத்தானே வம்பு? அடுப்புலேர்ந்து நேரா தட்டுக்கு வரட்டும். மத்தியானம் வீட்டுக்கே வந்துடுங்க. நடக்கிற தூரம்தானே?"

"யாரு சமைப்பா?"

"நான் ஆஸ்பத்திரியில இருப்பேனேங்க."

முதலில் திகைத்தார். பிறகு மெதுவாக விஷயம் புரிந்தது. ஆளில்லாத சமையலறை. தன் அடுப்பு. தன் வாணலி. கேட்க ஆளில்லை! 'உனக்காகச் செய்யறேன்' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் விசிலடித்தபடி உள்ளே நுழைந்தார். வயிறும் சமத்தாக இருந்தது. கொஞ்சமே கொஞ்சம் வறுத்தால் தப்பில்லை என்று தானே டாக்டராகி அனுமதி கொடுத்துக்கொண்டார். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வாணலியை அடுப்பில் ஏற்றினார். எண்ணெயைத் தேடினார். மேல்தட்டில் இல்லை. கீழ்த்தட்டில் இல்லை. அடுப்புக்குப் பின்னாலும் இல்லை. வாணலி புகைய ஆரம்பித்தது. போனை எடுத்தார்.

"ஏம்மா, எண்ணெய் எங்கே?"

"அது பிளாஸ்டிக் பாட்டில்லதானே இருந்துச்சு! பக்கத்து வீட்டு அக்காகிட்டக் குடுத்துட்டேங்க. சாயங்காலம் அதுல உருளைக்கிழங்கு வறுத்துத் தரேன்னு சொல்லியிருக்காங்க, எனக்கு."