நரி முகம்

"இந்த நரிக்கு எங்கப்பா முகம் எப்படி வந்துச்சு?"

பல் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் வரவேற்பு மேசைமேல் குனிந்து நின்றார். டோக்கன் அக்கா திடுக்கிட்டதில் எம்பிராய்டரி ஊசி கட்டைவிரலில் ஏறியது.

"டாக்டர், இது நரி. குடை பிடிச்சிருக்கு, பூட்ஸ் போட்டிருக்கு. குழந்தை ரூம்ல மாட்டுறது."

"குடையை விடுங்க. கண்ணைப் பாருங்க. 'இன்னும் படிக்கலையா?'ன்னு கேக்குற அதே பார்வை. அவர் போய் வருஷக்கணக்கா ஆச்சு. எனக்கு இப்பவும் கை நடுங்குது."

நடுங்கும் கையோடு டாக்டர் உள்ளே போனார். உள்ளே ஒருவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்காகத்தான் காத்திருந்தார்.

நாளெல்லாம் டோக்கன் நம்பரைக் கூவிக் கூப்பிடுவதால் வந்த பெயர் டோக்கன் அக்கா. ஒருவர் உள்ளே போய் அடுத்தவரைக் கூப்பிடுவதற்குள் கிடைக்கும் இடைவெளியில், மேசைக்குக் கீழே வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் எம்பிராய்டரி போடுவாள். இந்த நரி அவளுக்கு வாழ்வா சாவா என்கிற மாதிரி. நாத்தனார் கல்யாணத்தன்று, மணப்பெண் அலங்காரத்தைப் பார்த்து, "என்னடி, வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கே!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது குழந்தை பிறந்த பிறகுதான் நாத்தனாரிடமிருந்து அவள் அண்ணன், அதாவது அக்காவின் கணவன் மூலமாக ஒரு தூது வந்திருந்தது.

"அண்ணி கையால ஒரு நரி தைச்சுத் தரச் சொல்லு. என் பிள்ளை தினமும் நரி முகத்துல முழிக்கட்டும்."

அதனால் பார்த்துப் பார்த்துத் தைத்தாள். உடம்புக்குத் துருப்பிடித்த இரும்பின் நிறம். வயிற்றுக்குப் பாலாடை நிறம். வாலுக்கு ஒரு நீளம் ஒரு குட்டையாக மாறி மாறிப் போடும் தையல். கழுத்துத் துணிக்குச் சங்கிலித் தையல். கண்ணுக்குக் கறுப்பு நூலில் இரண்டே இரண்டு முடிச்சு. அந்த முடிச்சுகள்தான் வினை என்று நினைத்து, அன்றைக்கே கத்தரிக்கோல் நுனியால் அவற்றைப் பிரித்தாள். அந்த இடத்தில் வளைவாக இரண்டு கோடு போட்டாள். நரி கண்ணை மூடித் தூங்கியது.

மறுநாள், கன்னம் வீங்கி வந்த ஒரு பெண்மணி டோக்கன் வாங்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரை ஹால்ல கிடத்தியிருந்தப்ப இப்படித்தான் இருந்தாரு" என்றாள். "அதே மூஞ்சி. அதே நிம்மதி. இருந்த வரைக்கும் எனக்கு ஒரு நாள் நிம்மதி குடுத்ததில்ல."

"அம்மா, டோக்கன்..."

"வேணாம்மா. பல்வலி போயிடுச்சு."

அவள் போய்விட்டாள். ஊசியில் மருந்தை ஏற்றிக் கையில் வைத்திருந்த டாக்டர் வெளியே வந்து அக்காவை முறைத்தார். நரியை மட்டும் பார்க்காமல் முறைத்தார்.

"என்னடி நர்ஸ், உனக்கும் யாராவது தெரியுறாங்களா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

நர்ஸ் வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு வெறும் நரிதான் தெரியுது."

"உன் சொந்தத்துல யாராவது போய்ச் சேர்ந்திருக்காங்களா?"

"எங்க வீட்ல எல்லாரும் குத்துக்கல்லு மாதிரி இருக்காங்க அக்கா."

அக்காவுக்குப் புரிந்தது. செத்தவர்களைச் சொந்தத்தில் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது தெரிகிறது. அவளுக்கும் அப்பா இல்லை. ஆனால் அவள் கண்ணுக்கு அது நரியாகவே இருந்தது. இழை இழையாகப் போட்டவளுக்கு முகம் தெரியாது போலிருக்கிறது.

வீட்டில் சொல்லிப் பார்த்தாள். கணவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நரி நரி மாதிரிதான் இருக்கும். சீக்கிரம் முடி. தங்கச்சி தினம் கேக்குறா."

நிறத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று நூல்கடைக்குப் போனாள்.

"மனுஷ ஜாடையே வரக்கூடாத கலர் ஒண்ணு குடுங்க."

"நரிக்கு எதுக்கும்மா மனுஷ ஜாடை வரப்போகுது?" என்று கடைக்காரர் சிரித்தார். இழுப்பறையைத் திறந்து வெளிர் நீல நூலை எடுத்துப் போட்டார். "நீலத்துல போடுங்க. நீல மனுஷன் எங்கயாவது உண்டா?"

நியாயமாகத்தான் பட்டது. துரு நிறத்தை முழுக்கப் பிரித்துவிட்டு நீலத்தில் நிரப்பினாள். பார்க்க அழகாக, பனியில் நனைந்தது போல இருந்தது. நன்றி சொல்லலாமென்று கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எங்கண்ணன்" என்றார். "ஏரியில இருந்து தூக்கிப் போட்டப்ப இந்த நிறத்துலதான் இருந்தான்."

அவளை வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினார். உள்பக்கமிருந்தே மூடினார்.

முகம்தானே பிரச்சினை, முகத்தையே மூடிவிட்டால்? பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவளுக்கு அந்த யோசனை தானாக வந்தது. வெள்ளை நூலில் நெருக்கமாக இழையோட்டி நரிக்கு ஒரு மாஸ்க் போட்டாள். காதுவரை நாடாவும் வைத்தாள். பார்க்கச் சிரிப்பாக வந்தது. நரி குடையோடு பல் பிடுங்கப் புறப்பட்ட மாதிரி இருந்தது.

"இப்பப் பாரு" என்று பெருமையோடு நர்ஸிடம் நீட்டினாள்.

நர்ஸ் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா, இது எங்க சித்தப்பா."

"விளையாடாதே. உன் சித்தப்பாதான் உயிரோட இருக்காரே!"

"இருக்காரு. ஆனா இது அவர்தான். இந்த ஒத்தப் புருவத்தைத் தூக்குறது அவர்தான்."

நர்ஸ் உடனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சித்தப்பா, நல்லா இருக்கீங்களா?"

"ஏன், நான் நல்லா இருந்தா உனக்குப் பொறுக்காதா? வேலை நேரத்துல என்ன போன்? வை!"

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அப்பாடா, ஒருவழியாக இந்தப் பீடை விட்டது, நாம்தான் கண்டதையும் கற்பனை பண்ணிக்கொண்டு பயந்தோம் என்று டீ வாங்கிக் குடித்தார்கள்.

சாயங்காலம் கிளினிக் மூடும் நேரத்தில் நர்ஸுக்குப் போன் வந்தது. சித்தப்பா குளிக்கப் போனவர் குளியலறையிலேயே சாய்ந்துவிட்டாராம். தூக்குவதற்குள் உயிர் போய்விட்டதாம்.

நர்ஸ் அழவில்லை. வளையத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு, சுவரை ஒட்டினாற்போல நடந்து வெளியே போனாள்.

அந்த நரியைக் கொளுத்திவிடுவது என்று அக்கா முடிவெடுத்தாள். நாத்தனார் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். தீப்பெட்டியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததில் விடிந்து, வேலைக்கு நேரமாகி, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று பீரோவில் துணிகளுக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது பீரோவில் துணிகள் மட்டும் இருந்தன. கணவனுக்குப் போன் போட்டதும் அவன் உற்சாகமாகப் பேசினான்.

"நீ எப்பவும் லேட்டுதானே, அதான் நானே எடுத்துட்டு வந்துட்டேன். ஃப்ரேம் போட்டாச்சு. தொட்டிலுக்கு நேரா மாட்டியாச்சு. மாஸ்க் சூப்பர்னு தங்கச்சி சொல்றா. நீ கிளம்பி வா."

அவள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆட்டோவில் போகும்போது மனசு கெட்ட கெட்ட கணக்காகப் போட்டது. குழந்தையின் முகமாகத் தெரிந்தால்? கணவன் முகமாகத் தெரிந்தால்?

நாத்தனார் வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டாள். "அண்ணி! பழசையெல்லாம் மறந்துடுங்க. எவ்வளவு அழகா தைச்சிருக்கீங்க!"

அக்கா அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். குழந்தை தொட்டிலில் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. நரி மாஸ்க்கோடு, மூடிய கண்ணோடு அதற்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கு... அது நரி மாதிரிதானே தெரியுது?"

"நரிதான். ஆனா ஒண்ணு அண்ணி, யாரோ ஜாடை இருக்கு. மாட்டினதுலேருந்து மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கேன்."

அக்கா அவசரமாகக் குறுக்கிட்டாள். "உங்க தாத்தாவா இருக்கும். போட்டோல பார்த்திருக்கேன். அவரேதான்."

"தாத்தா இல்ல."

"அப்ப உங்க பெரிய அத்தை. போன வருஷம் தவறிட்டாங்களே!"

"ஏன் அண்ணி, செத்தவங்களாவே சொல்றீங்க? இது நல்லா உயிரோட இருக்கிற யாரோ. நல்லாப் பழகின முகம் மாதிரி இருக்கு. சட்டுனு பிடிபட மாட்டேங்குது."

"யோசிக்காதே. யோசிக்காதே, கழட்டிக் குடு. கண்ணு கொஞ்சம் கோணலா இருக்கு, சரி பண்ணித் தர்றேன்."

அவள் ஃப்ரேமைக் கழற்றப் போனாள். நாத்தனார் விளையாட்டுக்குக் கையைப் பிடித்துத் தடுத்தாள். அக்காவின் கணவன் சோபாவில் உட்கார்ந்தபடியே, "ஏதோ நடிகன் ஜாடையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

அப்போது நாத்தனாரின் கணவர் சமையலறையிலிருந்து டீ தட்டோடு வந்தார். வாயே திறக்காத மனிதர். கேட்டதற்குத் தலையை ஆட்டுவார், அதோடு சரி. தட்டை வைத்துவிட்டு நரியைப் பார்த்தார். ஃப்ரேமைப் பிடித்தபடி நின்ற அக்காவைப் பார்த்தார். மறுபடியும் நரியைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, இது நம்ம அக்காவேதான்!" என்றார்.